ஏடும் ஆட்டமும்

வைகுந்த ஏகாதசி இரவில் கண்விழித்திருப்போர் பரமபதம் ஆடுவது தமிழ்நாட்டில் நெடுநாளைய வழக்கம். கூடத்தின் ஒரு பக்கத்தில் சிறுவர் சிறுமியர் படத்தை விரித்துத் தாயம் உருட்டுவர். மற்றொரு பக்கத்தில் வீட்டு முதியவர் ஒருவர் துருவன் கதையையோ பிரகலாதன் கதையையோ சொல்லிக்கொண்டிருப்பார். இரண்டிடத்தும் பேசப்படுவன ஏற்றமும் வீழ்ச்சியுமே. ஆயினும் கதை கேட்கும் சிறுவன், "பிறகு என்ன ஆயிற்று?" என்று கேட்கிறான். பரமபதம் ஆடும் சிறுவனோ, "இனி எனக்கு என்ன ஆகும்?" என்று அஞ்சுகிறான். ஆட்டத்திலே பாம்பின் வாயில் அகப்படுவது பிரகலாதன் அன்று. காயை நகர்த்திய அச்சிறுவனே.

ஒரு கதைக்கரு உள்ளத்தில் தோன்றியதும், இது சிறுகதைக்கு உரியதா, நாவலுக்கு உரியதா, நாடகத்துக்கு உரியதா என்று எண்ணிப் பார்ப்பது எழுத்தாளர் வழக்கம். இன்று கதை புனைய விழையும் இளைஞர்க்கு மற்றொரு வழியும் திறந்திருக்கிறது. அதுவே வீடியோ கேம் என்று வழங்கும் கணிப்பொறி விளையாட்டு. அதனை வெறும் பொழுதுபோக்கு என்று இகழ்ந்து ஒதுக்குவோர் உளர். நாவலையும் அவ்வாறு இகழ்ந்து, பிள்ளைகள் கையிலிருந்து பறித்து வைத்த பெற்றோர் ஒரு காலத்தில் இருந்தனர் என்பதை அவர்கள் மறந்திருக்கக்கூடும்.

சிவகங்கைப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் ஒரு மாணவி இருப்பதாகக் கொள்க. அவளுடைய அப்பத்தா ஆறு வயதுச் சிறுமியாய் இருந்தபோது பர்மாவிலிருந்து கால்நடையாக இந்தியா வந்து சேர்ந்தவர். 1941-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் ஜப்பானிய விமானங்கள் இரங்கூன் நகரின்மீது குண்டு வீசின. 1942 மார்ச்சில் இரங்கூன் வீழ்ந்தது. அங்கு வாழ்ந்த இந்தியர் பல இலட்சம் பேர், தமிழர் பலர் உள்ளிட்டோர், கப்பலில் இடமின்றி மலையையும் காட்டையும் கடந்து நடந்தனர். ஒரு சாரார் அரக்கான் மலைகளைத் தாண்டிக் கடற்கரையை அடைந்தனர். மற்றொரு சாரார் வடக்கே தாமு வழியாக மணிப்பூருக்குள் புகுந்து, திமாப்பூர் இரயில் நிலையத்தை நோக்கி நடந்தனர். காலராவும் மலைக்காய்ச்சலும் பசியும் பல்லாயிரவரை வழியிலேயே மாய்த்தன. இரங்கூனில் தையற்கடை வைத்திருந்த அந்த அப்பத்தாவின் தந்தையார், மனைவியையும் இரு குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு வடக்கு வழியே புறப்பட்டார்.

இந்தக் கதையை எவ்வாறேனும் சொல்லிவிட வேண்டும் என்பது மாணவியின் ஆவல். கல்லூரியில் கணிப்பொறி பயிலும் அவளுடைய அண்ணன், "இதைவிட விளையாட்டுக்கு ஏற்ற கதை உண்டா?" என்கிறான். எவ்வளவு அரிசி சுமப்பது, எந்த வழி செல்வது, எந்த ஆற்று நீரை நம்பிக் குடிப்பது, எப்போது இளைப்பாறுவது என்று ஒவ்வோர் அடியிலும் தேர்ந்தெடுக்க வேண்டியவை இருக்கின்றன அல்லவா? பள்ளித் தமிழாசிரியரோ, "அம்மா, இது நாவலுக்கு உரியது, வேறொன்றிற்கும் உரியது அன்று" என்கிறார். இருவர் கூற்றிலும் நியாயம் இருப்பதனாலேயே மாணவி குழம்புகிறாள். அவளுக்கு விடை தேடுமுன், இதே வழியில் முன்னே நடந்து சென்ற ஒருவரின் வரலாற்றைக் காண்பது நலம்.

அமெரிக்க நாட்டைச் சேர்ந்த ஜோர்டன் மெக்னர் 1964-இல் பிறந்தவர். யேல் பல்கலைக்கழகத்தில் மாணவராய் இருக்கும்போதே ஒரு கணிப்பொறி விளையாட்டை உருவாக்கி, 1984-இல் அது வெளிவரப் பெற்றவர். அடுத்து அவர் எண்ணியது பாரசீக நாட்டுக் கதை. சுல்தான் போர்மேல் வெளிநாடு சென்றிருக்க, ஜாபர் என்னும் அமைச்சன் ஆட்சியைக் கவர்ந்துகொள்கிறான். 'என்னை மணம் செய்துகொள். இன்றேல் ஒரு மணி நேரத்தில் உயிர் இழப்பாய்' என்று இளவரசியை அச்சுறுத்துகிறான். அவள் காதலிக்கும் இளைஞனோ அரண்மனைக்கு அடியில் பாதாளச் சிறையில் கிடக்கிறான். அவன் அறுபது நிமிடத்திற்குள் தப்பி மேலேறி வருதல் வேண்டும்.

கதை என்ற அளவில் இதில் புதுமை யாதும் இல்லை. கொடிய அமைச்சனும் சிறைப்பட்ட இளவரசியும் அராபிய இரவுக் கதைகளில் பன்முறை வந்துபோனவர்களே. இதனை நாவலாக எழுதியிருந்தால் இரண்டாம் அத்தியாயத்திலேயே பலர் கொட்டாவி விட்டிருப்பர். ஆனால் அவ்விளையாட்டில் அறுபது நிமிடம் என்பது வெறும் சொல் அன்று. உண்மையிலேயே கடிகாரத்தில் ஓடி மறையும் அறுபது நிமிடம். இளைஞன் ஒரு பிளவைத் தாண்ட முயன்று விளிம்பை விரல்நுனியால் பற்றித் தொங்கும்போது, ஆடுபவனின் விரல்களும் விறைத்துப் போகின்றன.

அந்த ஓட்டத்தையும் தாவலையும் உயிருள்ளனவாகக் காட்ட மெக்னர் செய்த முயற்சி பெரிது. தம் தம்பியை வெள்ளுடை உடுத்தச் செய்து, ஓடவும் தாவவும் ஏறவும் விட்டுப் படம் பிடித்தார். பின்னர் அப்படத்தின் ஒவ்வொரு நிலையையும் தனித்தனியே கோட்டுருவாக வரைந்து கணிப்பொறிக்குள் செலுத்தினார். வாட்போருக்கு 1938-இல் வெளிவந்த இராபின் ஹூட் திரைப்படத்தின் சில வினாடிக் காட்சி உதவியது. இவ்வேலை ஆண்டுக் கணக்கில் நீண்டது. இடையிலே அவருடைய உள்ளம் வேறு பக்கம் சாய்ந்தது. தாம் திரைக்கதை ஆசிரியராக வேண்டுமா, விளையாட்டு ஆக்குபவராக வேண்டுமா என்ற ஐயம் அவரை வருத்தியது. விளையாட்டைப் பல திங்கள் ஒதுக்கி வைத்துவிட்டுத் திரைக்கதை ஒன்றை எழுதினார். அந்நாட்களில் அவர் எழுதி வந்த நாட்குறிப்பு பின்னாளில் நூலாக வந்திருக்கிறது. கலைஞன் தன் கைப்பொருளை ஐயுற்று நிற்கும் நிலையை அதிற்போல் வேறிடத்தில் காண்பது அரிது.

விளையாட்டிற்குத் திரும்பி வந்தவர்க்கு ஓர் இடர் காத்திருந்தது. இளைஞனை எதிர்க்கப் பகைவன் ஒருவன் வேண்டும். ஆனால் அக்காலத்து ஆப்பிள் கணிப்பொறியின் நினைவகத்திலோ புதிய உருவம் ஒன்றை வைக்க இடமில்லை. அப்போது தோன்றியது ஓர் எண்ணம். இருக்கும் உருவத்தையே சற்று மாற்றி, மங்கலான நிழலாக்கிப் பகைவனாக நிறுத்தினால் என்ன? இவ்வாறு பிறந்தவனே நிழல் மனிதன். சிறையின் நடுவே இளைஞனின் வழியை ஒரு நிலைக்கண்ணாடி மறித்து நிற்கிறது. ஓடிவந்து அதனூடே பாய்ந்தாலன்றி அப்பால் செல்ல வழியில்லை. அவ்வாறு பாயும் நொடியில், கண்ணாடியிலிருந்து அவனுடைய நிழல் எதிர்ப்புறமாகத் துள்ளி ஓடுகிறது. பின்னர் அந்நிழல் அவன் அருந்த வேண்டிய மருந்தைத் தான் குடித்துவிட்டு மறைகிறது. அவன் நுழைய வேண்டிய கதவை மூடிவிடுகிறது. முடிவில் வாளேந்தி எதிரே வந்து நிற்கிறது.

ஆடுபவன் சினத்தோடு வெட்டுகிறான். நிழலுக்குப் பட்ட வெட்டு அவனுக்கும் படுகிறது. மீண்டும் வெட்டுகிறான், மீண்டும் தன் உயிரே குறைகிறது. பலர் இந்த இடத்தில் பன்முறை இறந்து பன்முறை தொடங்கினர். என்றோ ஒரு முறை, களைத்துப்போன ஒருவன் வாளை உறையில் இடுகிறான். நிழலும் வாளை உறையில் இடுகிறது. இருவரும் ஒருவரை நோக்கி ஒருவர் ஓடி, ஒன்றாகிவிடுகின்றனர்.

இதே நிகழ்ச்சியை நாவலாசிரியர் ஒருவர் எழுதினால், 'தன் பகை தானே என்பதை அவன் உணர்ந்தான்' என்று ஒரு வரி வரும். படிப்பவர் தலையசைத்து அப்பால் செல்வர். விளையாட்டிலோ அவ்வுண்மையை எவரும் சொல்வதில்லை. ஆடுபவனின் கையே அதனைக் கண்டறிகிறது. ஆகவே இக்கரு விளையாட்டுக்கே உரியது என்று துணிந்து கூறலாம். இவ்விளையாட்டு 1989-இல் வெளிவந்தபோது முதலில் நன்கு விற்கவில்லை. பிற கணிப்பொறிகளுக்கு ஏற்ப மாற்றிய பின்னரே உலகெங்கும் பரவியது.

இதற்கு நேர்மாறான ஒன்றைச் சிலப்பதிகாரத்திலிருந்து கொள்ளலாம். கோவலன் சிலம்பை விற்க மதுரை நகர்க்குள் செல்கிறான். பொற்கொல்லனிடம் அதனைக் காட்டுகிறான். படிப்பவர் நெஞ்சு பதைக்கிறது. 'அவனிடம் காட்டாதே' என்று கூவத் தோன்றுகிறது. கூவினும் கோவலன் செவியில் விழாது. அந்தக் கையாலாகாமையே அக்காப்பியம் தரும் துயரின் வேர். இப்போது கோவலனை ஒரு சிறுவன் கையில் விளையாட்டாகக் கொடுத்துப் பாருங்கள். அவன் முதல் முறை கொலையுண்டால், மறுமுறை வேறு தெருவில் நுழைவான். சிலம்பை வேறு கடையில் விற்பான். கண்ணகியோடு இனிது வாழ்வான். சிறுவனுக்கு வெற்றி கிடைக்கும். கதைதான் இல்லாமற் போகும்.

அவ்வாறாயின் துயரக் கதைகள் எல்லாம் ஏட்டிற்கே உரியன என்று முடிவு செய்துவிடலாமா? அதுவும் தவறு. ஜப்பானில் வாழும் அமெரிக்கரான லூகாஸ் போப் என்பவர் 2013-இல் 'பேப்பர்ஸ், பிளீஸ்' என்ற விளையாட்டை வெளியிட்டார். ஆர்ஸ்டோட்ஸ்கா என்பது அவர் கற்பித்த கொடுங்கோல் நாடு; காலம் 1982. ஆடுபவனுக்கு அங்கு வீரத் தொழில் ஒன்றும் இல்லை. எல்லைச் சாவடியில் அமர்ந்து, வருவோர் போவோரின் கடவுச்சீட்டைச் சரிபார்த்து முத்திரை குத்தும் சிற்றலுவலன் அவன். ஒவ்வொருவரைச் சரியாகச் சோதித்து முடித்தாலும் சிறு கூலி உண்டு. பிழைகள் மிகுந்தால் அபராதம் உண்டு. மாலையில் அக்கூலியைக் கொண்டு வீட்டு வாடகை, உணவு, குளிர்காய எரிபொருள், நோயுற்றோர்க்கு மருந்து ஆகியவற்றை ஈடு செய்ய வேண்டும்.

ஒருநாள் வரிசையில் ஒருவன் வருகிறான். அவனுடைய தாள்கள் ஒழுங்காக இருக்கின்றன. 'என் மனைவி பின்னால் வருகிறாள். அவளிடம் இரக்கம் காட்டுங்கள்' என்று வேண்டிவிட்டு உள்ளே செல்கிறான். அடுத்து அவள் வருகிறாள். அவளிடம் நுழைவு அனுமதித்தாள் இல்லை. விட்டால் பிழைக் கணக்கில் ஒன்று ஏறும். விடாவிட்டால் கணவனும் மனைவியும் எல்லைக் கோட்டின் இரு பக்கமும் பிரிந்து நிற்பர். ஆடுபவன் வீட்டில் குழந்தை நோயுற்றிருக்கிறது. இரண்டு முத்திரைகள் அவன் முன்னே இருக்கின்றன.

நல்லவன் எவ்வாறு கொடுமைக்குத் துணைபோகிறான் என்பதை எத்தனையோ நாவல்கள் விளக்கியுள்ளன. அவற்றைப் படிப்பவர், 'நான் அங்கிருந்தால் அவ்வாறு செய்திருக்கமாட்டேன்' என்று தமக்குள் சொல்லிக்கொள்வது உண்டு. போப்பின் விளையாட்டு அந்த வாய்ப்பைப் பறித்துவிடுகிறது. மறுப்பு முத்திரையைக் குத்தியது யார் கை என்பதை ஆடியவன் அறிவான். இக்கருவில் இடர் உண்டு; ஆனால் தேர்வும் உண்டு. தேர்ந்தெடுப்பவனின் உள்ளமே கதையாக இருப்பதனால் அது விளையாட்டில் நன்கு பொருந்தியது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்டனவும் உள. மெக்னரே 1997-இல், முதல் உலகப் போருக்குச் சில நாட்கள் முன்னர் 1914 ஜூலையில் பாரிஸிலிருந்து கான்ஸ்டாண்டிநோபிளுக்குச் செல்லும் இரயில்வண்டியைக் களமாக வைத்து ஒரு விளையாட்டை ஆக்கினார். ஒரு பெட்டியில் நின்று ஒட்டுக்கேட்டால் மற்றொரு பெட்டியின் பேச்சு தவறிப்போகும். அது நாவல் போன்ற விளையாட்டு; பாராட்டினோர் பலர், வாங்கினோர் சிலர்.

மெக்னர் வாழ்க்கையில் மிகவும் கருதத்தக்கது அவர் பின்னாளில் செய்த தேர்வு. அவருடைய முன்னோர் ஆஸ்திரிய நாட்டு யூதர். பாட்டனார் மருத்துவர், முதல் உலகப் போரில் ஆஸ்திரியப் படையில் இருந்தவர். 1938-இல் ஹிட்லரின் படை வியன்னாவுக்குள் புகுந்ததும் குடும்பம் சிதறியது. அப்போது சிறுவராய் இருந்த தந்தையார், தம் தந்தையைப் பிரிந்து பிரான்சில் வாழ நேர்ந்தது. பிரான்சும் ஜெர்மானியர் வசமாயிற்று. பின்னரே அவர் கடல் கடந்து தப்பினார். மறைந்து வாழ்தல், எல்லை கடத்தல், தாள்களுக்கு அலைதல் என்று அக்கதையிலே விளையாட்டுக்குரிய உறுப்புகள் குறைவின்றி உள்ளன. உலகிலேயே அதனை விளையாட்டாக்கத் தகுதி மிக்க கைகளும் அவருடையவையே.

அவர் அதனை விளையாட்டாக்கவில்லை. தாமே எழுதித் தாமே வரைந்து ஒரு படநூலாக்கினார். பிரெஞ்சு மொழியில் 2023-இலும் ஆங்கிலத்தில் 2024-இலும் வெளிவந்த அந்நூலின் பெயர் 'ரீப்ளே'. மீண்டும் ஆடுதல் என்பது பொருள். பெயர் ஆட்டத்தின் பெயர்; பொருளோ மீண்டும் ஆடவியலாத வாழ்க்கை. பாட்டனார், தந்தையார், தாம் என்ற மூவர் வாழ்வையும் ஒன்றோடொன்று பின்னி அவர் சொல்லிச் செல்கிறார். அதிலே பக்கத்தைப் புரட்டலாம். யாரையும் வேறு வழியில் நடத்திச் செல்ல முடியாது.

சிவகங்கைப் பக்கத்து மாணவியிடம் திரும்புக. அவளும் அண்ணனும் வாதிட்டுச் சலித்தபின் ஓர் உபாயம் செய்தனர். கணிப்பொறியைத் தொடாமல், ஓர் அட்டையில் இரங்கூன் முதல் திமாப்பூர் வரை கட்டங்கள் வரைந்தனர். சில கட்டங்களில் ஆறு, சிலவற்றில் மலை, சிலவற்றில் காய்ச்சல். காய்களாகப் புளியங்கொட்டைகளை வைத்து, அப்பத்தாவையே ஆட அழைத்தனர்.

அப்பத்தா மகிழ்ச்சியோடு அமர்ந்தார். மலையடியில், 'சுமையில் ஒன்றை விட்டுச் செல்க' என்ற கட்டம் வந்ததும் சிரித்தார். "எங்கள் ஐயா தையல் மெஷினைத் தலையில் வைத்து இரண்டு நாள் சுமந்தார்கள், ஆத்தா. மூன்றாம் நாள் ஒரு மரத்தடியில் இறக்கி வைத்துத் துணி போட்டு மூடினார்கள். திரும்பி வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று எண்ணம்" என்றார். அண்ணன் அதனை விரைந்து குறித்துக்கொண்டான். அரிசியா, தவலையா, போர்வையா என்று கேட்ட ஒவ்வொரு கட்டத்திலும் அவனுக்கும் தங்கைக்கும் தெரியாத ஒன்று அவர் வாயிலிருந்து வந்தது. விளையாட்டே வெல்லும் போலிருந்தது.

தாமுவைக் கடந்தபின் ஒரு கட்டத்தில், 'தம்பிக்குக் காய்ச்சல்: தங்குவதா, நடப்பதா?' என்று எழுதியிருந்தது. அப்பத்தா கொட்டையைக் கையில் எடுத்தவர் கீழே வைக்கவில்லை.

"என்ன அப்பத்தா, எதைச் சொல்கிறீர்கள்?" என்றான் அண்ணன்.

"இந்த இடத்தில் ஐயாவுக்கு இரண்டு வழி இருக்கவில்லை, அப்பா" என்றார் அவர்.

சற்று நேரம் எவரும் பேசவில்லை. "பின்னர் உங்கள் அம்மா அதைப் பற்றி என்ன சொல்வார்கள்?" என்று மாணவி மெல்லக் கேட்டாள்.

"ஒன்றும் சொல்லமாட்டார்கள். நாற்பது ஆண்டு என்னோடு இருந்தார்கள். ஒருநாளும் வாய் திறந்ததில்லை. மழை பெய்தால் மட்டும் இரவில் எழுந்து உட்கார்ந்துகொள்வார்கள். விடிகிற வரையில் படுக்கமாட்டார்கள்."

அண்ணன் அந்தக் கட்டத்தை ஒரு கோடிட்டு அடித்தான். பிறகு மற்றக் கட்டங்களையும் பார்த்துக்கொண்டிருந்தான். மாணவி அட்டையைத் திருப்பி, அதன் மறுபுறத்தில், முதல் வரியாக, 'மழை' என்று எழுதினாள். அப்பத்தா கையிலிருந்த கொட்டையை அவளிடம் கொடுத்துவிட்டு, விளக்கேற்ற எழுந்து போனார்.